பேர் போடாத உழைப்பு
(இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தாயின் வாழ்வு: 1900 - 1948)

கடல் கடந்து சென்ற தமிழரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சோழரின் கப்பற்படையில் தொடங்குவர். செட்டிநாட்டு வணிகர் பர்மாவிலும் மலாயாவிலும் நடத்திய வாணிபத்தைச் சொல்வர். இறுதியில் கூலிகளாகச் சென்றோரின் துயரத்தைத் தொட்டு முடிப்பர். அந்தக் கூலிகளுள் பெண்களும் பெருந்தொகையினர் என்பதும், அப்பெண்களுள் மிகப் பலர் கைக்குழந்தையோடு கடல் கடந்த தாய்மார்கள் என்பதும் அந்த ஏடுகளில் எங்கோ ஒரு வரியில் வந்து மறைந்துவிடும்.

இலக்கியம் இவ்வளவு பாராமுகமாக இருந்துவிடவில்லை. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வாடிய பெண்களுக்காகப் பாரதியார் பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற மருதி என்னும் பெண்ணின் வாழ்வைப் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’ என்ற கதையில் எழுதினார். ஆயினும் கதையும் கவிதையும் நம் நெஞ்சை உருக்கும் அளவுக்கு, அந்தத் தாயின் வாழ்க்கை எந்தச் சட்டத்தால், எந்தக் கணக்கால், எந்த வழக்கத்தால் அப்படி அமைந்தது என்பதை நாம் அறிந்துகொள்ளவில்லை. அதைச் சற்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைநாட்டுத் தோட்டங்களில் ‘பேர்’ என்றொரு சொல் வழங்கி வருகிறது. நமக்குப் பேர் என்றால் பெயர். அங்கே அதற்கு ஒரு நாள் கூலி என்றும் பொருள். வேலைக்கு வந்தவரின் பெயருக்கு நேரே செக்ரோல் புத்தகத்தில் குறி விழுந்தால் அன்றைக்குப் பேர் உண்டு. நேரம் தவறினாலோ, பறித்த கொழுந்து எடை குறைந்தாலோ அரைப்பேர்தான். குறி விழாவிட்டால் பேர் இல்லை; கூலியும் இல்லை. ஒரு தாய் விடியுமுன் தொடங்கி இரவு வரை செய்த வேலைகளில் எதற்குப் பேர் போட்டார்கள், எதற்குப் போடவில்லை என்று பார்த்தாலே அவளுடைய வரலாறு முழுவதும் விளங்கிவிடும்.

காப்பி போய்த் தேயிலை வந்தது

1830-களிலிருந்து இலங்கையின் மத்திய மலைநாட்டில் ஆங்கிலேயர் காப்பி பயிரிட்டு வந்தனர். காப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆண்டில் சில மாதங்களே. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆட்கள் கூட்டமாகப் போவார்கள். பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவார்கள். போனவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். மனைவியும் மக்களும் ஊரிலேயே இருந்தனர்.

1869-இல் காப்பிச் செடியின் இலையில் ஒரு பூசண நோய் கண்டது. அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தொழில் அடியோடு சாய்ந்தது. அதற்கு முன்பே, 1867-இல், கண்டிக்கு அருகே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். காப்பி அழிந்த மலைகளிலெல்லாம் தேயிலை ஏறியது.

பயிர் மாறியதும் தொழிலாளியின் வாழ்வும் மாறியது. தேயிலைச் செடி ஆண்டு முழுவதும் துளிர்விடும். ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒரு முறை ஒவ்வொரு செடியிலும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து பறித்தாக வேண்டும். விட்டால் இலை முற்றிவிடும். ஆகவே வந்துபோகும் ஆள் போதாது. மலையிலேயே தங்கி வாழும் ஆள் வேண்டும். கவ்வாத்து வெட்டுவதும் முள்ளுக்குத்துவதும் காணு வெட்டுவதும் ஆண்களின் வேலையாயின. கொழுந்து பறிப்பது பெண்களுக்கு என்று ஆயிற்று. பெண்களின் விரல் மென்மையானது, கொழுந்துக்கு ஏற்றது என்று தோட்டத் துரைமார் காரணம் சொல்வதுண்டு. பெண்ணின் கூலி குறைவு என்பது அதனினும் பெரிய காரணம்.

இன்னொன்றும் உண்டு. தனி ஆண் மனம் வெறுத்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவான். பெண்டு பிள்ளைகளோடு இருப்பவனுக்கு அது எளிதன்று. தோட்டத்தில் பிறக்கும் பிள்ளை பத்து வயதில் கூடை தூக்கும். அதைக் கொண்டுவரப் பயணச் செலவும் இல்லை. இப்படிப் பார்த்தால், தேயிலைத் தொழிலுக்குப் பெண் தேவைப்பட்டது மட்டுமன்றித் தாயும் தேவைப்பட்டாள். அந்தத் தேவைக்கு உரிய மதிப்பு அவளுக்குக் கிடைத்ததா என்பதே கேள்வி.

கடனும் கடலும்

திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், வட ஆர்க்காடு, புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து மக்கள் சென்றனர். கணிசமானோர் நிலமற்றவர்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பண்ணையில் நெல்லுக்கு உழைத்தவர்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் கூட்டம் அதிகமாயிற்று. 1904-இல் இலங்கைத் தோட்ட முதலாளிகளின் சார்பில் திருச்சியில் ஓர் ஆள்சேர்ப்பு நிலையமே நிறுவப்பட்டது.

ஆயினும் ஊருக்குள் வந்து ஆள் சேர்த்தவர் வெள்ளைக்காரர் அல்லர், கங்காணி. அவர் பெரும்பாலும் அதே ஊரார், அல்லது உறவுமுறை கொண்டாடக்கூடியவர். மாமா என்றும் அண்ணன் என்றும் அழைக்கத்தக்க ஒருவர் வந்து முன்பணம் கொடுத்து, ‘தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும்’ என்று ஆசை வார்த்தை சொன்னால் நம்பாமலிருப்பது கடினம். ஊர்க்கடனை அடைக்கவும், வழிச்செலவுக்கும், துணிமணிக்கும் அவர் கொடுத்த பணமெல்லாம் அவருடைய ஏட்டில் கடனாக ஏறியது. குடும்பத்தின் கடன் பெரும்பாலும் ஆணின் பெயரில் எழுதப்பட்டது. அதை உழைத்து அடைப்பவர்களில் மனைவியும் ஒருத்தி. ஆனால் எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழிந்தது என்று அவளிடம் கணக்குச் சொன்னவர் இல்லை.

இந்தக் கடனுக்கு ஒரு சீட்டு உண்டு. அதன் பெயர் ‘துண்டு’. இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கலாம் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பது அது. அடுத்த தோட்டத்துத் துரை தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கங்காணியின் கூட்டத்தில் இருந்த தாயும் பிள்ளைகளும் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு மாறியது இப்படித்தான். 1921-ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

பயணம் எப்படி இருந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொண்டி, பாம்பன் முதலிய துறைகளிலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் கால்நடையாக மாத்தளைக்குச் சென்றனர். வழியில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் பலர். பிளேக் நோய்க்கு அஞ்சி அந்த நூற்றாண்டின் இறுதியில் அவ்வழி மூடப்பட்டது. பிறகு தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் போக்குவரத்தும் வந்த பின் கடலில் சுமார் இருபது மைல்தான். இரு கரையிலும் ரயில்.

பாதை குறுகியது, சோதனைகள் கூடின. நம் கரையிலேயே, மண்டபத்தில், இலங்கை அரசு ஒரு முகாம் நடத்தியது. தோட்டத்துக்குச் செல்வோர் அங்கே சில நாட்கள் தங்க வைக்கப்பட்டனர். அம்மை குத்தினர், துணிகளைப் புழுக்கி நோய்க்கிருமி நீக்கினர். அதற்கு முன்பே, நூற்றாண்டின் தொடக்கத்தில், ‘தகர டிக்கெட்’ முறை வந்திருந்தது. தோட்டத்தின் எண் பொறித்த ஒரு தகர வில்லை. அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போனால் வழியில் காசு கேட்க மாட்டார்கள். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், கழுத்தில் தாலிக்கு அருகே அந்தத் தகர எண்ணும் தொங்க, இடுப்பில் பிள்ளையோடு கப்பலேறினாள். தாலி அவள் யார் மனைவி என்பதைச் சொன்னது. தகரம் அவள் எந்தத் தோட்டத்து ஆள் என்பதைச் சொன்னது.

1922-ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்த பிறகு நிலைமை ஓரளவு சீர்ப்பட்டது. பயணச் செலவு பொது நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. தொழிலாளர் நலத்தைக் கவனிக்க இந்திய அரசின் ஏஜெண்ட் ஒருவர் 1923 முதல் கண்டியில் இருந்தார்.

பிரட்டு முதல் இரவு வரை

தோட்டத்தில் அவளுக்குக் கிடைத்த வீடு லயத்தில் ஒரு காம்பரா. நீண்ட கட்டடத்தைத் தடுத்துத் தடுத்து அறைகளாக்கினால் அது லயம். பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும் கொண்ட ஒரு காம்பராவில் ஒரு குடும்பம், சில வேளை அதற்கு மேலும், வாழ்ந்தது. பல லயங்களில் அறைகள் முதுகோடு முதுகாக ஒட்டியிருந்ததால் பின்பக்கம் சன்னல் வைக்க வழியில்லை. அடுப்புப் புகையும் மலைக்குளிரும் ஈரத்துணியும் ஓரறையில்.

விடியுமுன் எழ வேண்டும். தண்ணீர் எடுத்து, அடுப்பு மூட்டி, ரொட்டியோ சோறோ ஆக்கி, பிள்ளைகளுக்குக் கொடுத்து, மதியத்துக்கும் கட்டி வைக்க வேண்டும். தப்போசை கேட்டதும் பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். அங்கே ஆட்களை எண்ணி இன்னார் இன்ன மலைக்கு என்று பிரிப்பார்கள். அங்கே நிற்பதற்கு முன்பே இரண்டு மணி நேர வேலை முடிந்திருக்கும். அதற்குப் பேர் இல்லை.

பிறகு மலை. இடுப்பில் படங்குச் சாக்கு, மழைக்குத் தலையில் கம்பளி, முதுகில் கூடை. கூடையின் கயிறு நெற்றிக்கு மேல் தலையில் தாங்கும். காலில் செருப்பில்லை, செங்குத்துச் சரிவில் அட்டைக்கடி. இரு கையாலும் கொழுந்து கிள்ளித் தோளுக்கு மேல் கூடையில் எறிந்தபடி நிரை நிரையாக ஏற வேண்டும். பின்னால் கங்காணி நின்று அதட்டுவார். பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். மேற்பார்வை செய்தவர் எல்லாரும் ஆண்கள். நாளில் மூன்று முறை எடை போடுவார்கள். ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் சில இறாத்தல் கழித்துக்கொள்வார்கள். எடை தேறினால் பேர், தேறாவிட்டால் அரைப்பேர்.

வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தோட்டம் சில சென்ட் கொடுத்தது. அதற்குத் தலைக்காசு என்று பெயர். உடம்பு முடியாமல் ஒருத்தி லயத்தில் படுத்திருந்தால் கங்காணிக்கு அந்தக் காசு நஷ்டம். காய்ச்சலோடும் நிறைமாதத்தோடும் பெண்களை வேலைக்கு அழைக்க அவர் ஏன் அத்தனை ஆர்வம் காட்டினார் என்பதற்கு இதில் விடை இருக்கிறது. கெட்ட மனிதர் என்று ஒருவரைத் தனியே குற்றம் சொல்லத் தேவையில்லை. அந்த ஏற்பாடே அப்படிச் செய்யத் தூண்டியது.

மாலையில் ஆண் திரும்பினால் அவன் நாள் முடிந்தது. பெண் திரும்பும்போது வழியில் விறகு பொறுக்கி வருவாள். மறுபடியும் தண்ணீர், அடுப்பு, துணி, பிள்ளை. இரவு எல்லாரும் உண்ட பின் உண்டு, எல்லாரும் உறங்கிய பின் உறங்குவாள். இதற்கும் பேர் இல்லை.

பேறும் பிள்ளையும்

கருவுற்ற பெண் பெரும்பாலும் வலி காணும் வரை மலையேறினாள். லயத்துக் காம்பராவிலேயே அனுபவப்பட்ட கிழவி ஒருத்தியின் கையில் பிள்ளை பிறந்தது. தோட்டங்களில் பிறந்த குழந்தைகளுள் ஓராண்டு நிறையுமுன் இறந்தவை மிகுதி. பேற்றில் இறந்த தாய்மாரும் பலர்.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றைச் சற்று விளக்குவது நலம். அதுதான் கொக்கிப்புழு. கழிப்பிட வசதியற்ற லயங்களைச் சுற்றியிருந்த ஈர மண்ணில் இப்புழுவின் இளம்பருவம் வாழும். செருப்பில்லாத பாதத்தின் தோலைத் துளைத்து உடம்பில் புகும். குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். நாளடைவில் சோகை உண்டாகும். ஆணுக்கு அது களைப்பு. கருவைச் சுமக்கும் பெண்ணுக்கோ உயிராபத்து. அவள் இரத்தத்தில் ஒரு பங்கு கருவுக்கு, ஒரு பங்கு புழுவுக்கு. எஞ்சியதை வைத்துக்கொண்டு கூடை சுமக்க வேண்டும். பிரசவத்தில் சற்று அதிகமாக இரத்தம் போனாலும் அவள் பிழைப்பது அரிது. 1916-இல் ராக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்புப் பணியைத் தொடங்கியது. மருந்து கொடுத்ததோடு கழிப்பிடங்கள் கட்டவும் அது வற்புறுத்தியது. தொழிலாளி இயல்பாகவே சோம்பேறி என்று பேசி வந்தவர்களுக்கு, அந்தச் சோம்பலின் பெயர் சோகை என்று மருத்துவம் எடுத்துக் காட்டியது.

சட்டமும் அவளைச் சிறிது கண்டுகொண்டது. 1912-ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் சட்டத்தின்படி, பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் கொடுத்து, அக்காலத்தில் அவளை வேலை வாங்காமலிருப்பது தோட்டத் துரையின் கடமை. ஏட்டில் இப்படி இருந்தாலும் கடன் உள்ள குடும்பத்தில் ஒரு மாதப் பேர் போவது சிறிய இழப்பன்று. முறையான பேறுகாலப் பணம் வழங்கும் சட்டம் இலங்கையில் 1939-இல்தான் வந்தது.

பிள்ளை பெற்றவள் மலைக்குத் திரும்பினால் குழந்தை எங்கே இருக்கும்? தொடக்கத்தில் தேயிலைச் செடியின் நிழலில் துணித் தொட்டில். பிறகு தோட்டங்களில் ‘பிள்ளைமடுவம்’ ஏற்பட்டது. மலையேற மாட்டாத ஒரு முதியவள் அங்கே ஆயாவாக இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். தாய் மதிய இடைவேளையில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓட வேண்டும். தொலைவான மலையில் வேலை என்றால் அதுவும் இல்லை. மார்பில் பால் கட்டிய வலியோடு மாலை வரை கொழுந்து பறித்த தாய்மார் எத்தனை பேர்! நாம் அருந்தும் ஒரு கோப்பைத் தேநீருக்குள் இந்தக் கணக்கும் இருக்கிறது.

54-உம் 43-உம்

கூலிக்கு வருவோம். 1927-இல் இலங்கையில் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1929 முதல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி பின்வருமாறு:

மலைநாடு: ஆண் 54 சென்ட், பெண் 43 சென்ட், சிறுவர் 32 சென்ட்.
இடைநாடு: ஆண் 52, பெண் 41, சிறுவர் 31.
கீழ்நாடு: ஆண் 50, பெண் 40, சிறுவர் 30.

பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றும் அச்சட்டம் விதித்தது. அது வரை அந்தந்தத் தோட்டத்தின் வழக்கப்படி இருந்த கூலிக்கு ஒரு கீழ்வரம்பு ஏற்பட்டது பெரிய முன்னேற்றமே, மறுப்பதற்கில்லை. ஆனால் பெண்ணின் கூலி ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்கு என்பதும் அதே சட்டத்தால் உறுதியாயிற்று. மாதம் 26 நாள் தவறாமல் பேர் பெற்றால் மலைநாட்டில் ஆணுக்கு 14 ரூபாய் 4 சென்ட். பெண்ணுக்கு 11 ரூபாய் 18 சென்ட். வித்தியாசம் 2 ரூபாய் 86 சென்ட். தேயிலைத் தொழிலுக்கு உயிர்நாடி கொழுந்து. கொழுந்தைப் பறித்தவள் பெண். குறைந்த கூலியும் அவளுக்கே. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது இந்தக் கூலியும் வெட்டப்பட்டது.

அந்த 11 ரூபாயும் முழுதாக அவள் கைக்கு வந்ததில்லை. தோட்டம் கொடுத்த அரிசியின் விலையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள். அந்த மிச்சத்தையும் பல தோட்டங்களில் சம்பள மேசையில் கையேந்தி வாங்கியவர் கணவனோ தகப்பனோதான். குடும்பத்துக்கு ஒருவர் வந்தால் போதும் என்பது துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் எளிது. அந்த வழக்கத்தால், மாதம் முழுவதும் மலையேறியவள் உப்புக்கும் புளிக்கும் கணவனிடம் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. அவன் பொறுப்பானவனாக இருந்தால் அடுப்பு எரியும். சாராயக் கடைக்குப் பழகியவனாக இருந்தால் இல்லை. ஆண், பெண் நாட்கூலி வேறுபாடு தோட்டங்களில் 1984-இல்தான் நீங்கியது.

அவள் பெற்றதும் காத்ததும்

இவ்வளவும் சொன்ன பின் ஒரு கேள்வி எழலாம்: இத்தனை துன்பம் என்றால் ஏன் போனார்கள், ஏன் தங்கினார்கள்? ஊரில் அவள் வாழ்வு இன்பமாக இருந்தது என்று நினைத்தால்தான் இக்கேள்விக்கு விடை கிடைக்காது. பஞ்ச காலத்தில் பண்ணையாளின் மனைவிக்குக் கூழும் இல்லை. தோட்டத்தில் வாரந்தோறும் அரிசி உண்டு. கணவனை இழந்தவள் ஊரில் பிறர் கையை எதிர்பார்த்திருக்க வேண்டும்; தோட்டத்தில் தன் பெயரில் பேர் வாங்கிப் பிள்ளையை வளர்க்கலாம். ஊரில் நுழைய முடியாத தெருக்கள் இருந்தன. மலையில் எல்லாரும் ஒரே நிரையில் பறித்தார்கள். சாதி அங்கேயும் லயத்துக்கு லயம் தொடர்ந்து வந்தது உண்மை. ஆயினும் கிராமத்தின் பிடி சற்றுத் தளர்ந்தது.

அவள் வெறுங்கையோடு போனாலும் ஊரைத் தன்னோடு கொண்டு போனாள். மாரியம்மன் கோயிலும் தீமிதியும் காமன் கூத்தும் மலைகளில் வேர்விட்டன. தாலாட்டும் ஒப்பாரியும் அங்கே புதுப்பொருள் பெற்றன. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் கொழுந்துக் கூடையும் அப்பாட்டுகளுக்குள் நுழைந்தனர். இத்தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரின் வாயிலிருந்தே ஒரு மக்களின் முதல் இலக்கியம் பிறந்தது என்றால் மிகையாகாது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்க 1907-லும் 1920-லும் சட்டங்கள் வந்தன. லயத்து மூலையில் ஒற்றை ஆசிரியர் பள்ளிகள் தோன்றின. ஆனால் மூத்த பெண் பள்ளிக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்ப்பவர் யார்? பல வீடுகளில் பையன் படிக்கப் போனான். மகள் தாயின் பாதி வேலையை ஏற்றாள். தாயின் பேர் போடாத உழைப்பு இப்படி மகளுக்குச் சீதனமாக இறங்கியது.

குரல் எழுப்பிய பெண்களும் உண்டு. தஞ்சை மாவட்டத்திலிருந்து சென்று தோட்டத் தொழிலாளருக்காகப் பத்திரிகை நடத்தியும் 1931-இல் சங்கம் அமைத்தும் போராடியவர் கோ. நடேசய்யர். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளரின் துயரைப் பாட்டாக இயற்றிக் கூட்டங்களில் பாடினார். வெளியார் நுழைவதைத் துரைமார் விரும்பாத காலத்தில், மேடையேறி ஒரு பெண் பாடிய பாட்டு லயத்துப் பெண்களைச் சென்றடைந்தது என்பது சிறிய செய்தியன்று.

தந்தை வழிச் சட்டம்

1931-இல் இலங்கையில் 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. அப்போது இந்தியாவில் நம் பெண்களில் மிகப் பெரும்பாலோர்க்கு அவ்வுரிமை இல்லை. தோட்டத்து மக்களுக்கு மட்டும், நிலையாகத் தங்கியவர் என்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகள் இருந்தன. இருந்தும், கொழுந்து பறித்த கை சில இடங்களில் வாக்குச் சீட்டையும் தொட்டது. 1939-இல் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது. அதன்பின் மலையில் இருந்தோருள் மேன்மேலும் பலர் அங்கேயே பிறந்தவர்கள்.

1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே குடியுரிமைச் சட்டம் எண் 18 இயற்றப்பட்டது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தை வழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். முறையான மணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் பிறப்பிடம் கணக்கில்லை.

இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் நோக்குவோம். 1910-இல் ஒரு தோட்டத்து லயத்தில் ஒரு பெண் பிறக்கிறாள். அங்கேயே வளர்ந்து, கூடை தூக்கி, சேலத்திலிருந்து சிறுவனாக வந்த ஒருவரை மணந்து, அதே லயத்தில் ஐந்து பிள்ளைகளைப் பெறுகிறாள். அந்த ஐந்து பிள்ளைகளும் சட்டத்தின் கண்ணில் இலங்கையர் அல்லர். ஏனெனில் அவர்கள் தந்தை சேலத்தில் பிறந்தவர். தாய் அதே மண்ணில் பிறந்தவள் என்பது ஒரு சான்றாகக்கூட எடுத்துக்கொள்ளப்படவில்லை. தந்தை இலங்கையில் பிறந்திருந்தாலும், கிழவியின் கையில் காம்பராவில் பிறந்தவர் பலரிடம் பிறப்புச் சான்று இல்லை. ஏறக்குறைய 7 லட்சம் மக்கள் குடியுரிமை இழந்து நின்றனர். 1949-இல் வந்த மற்றொரு சட்டம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வாழ்ந்ததை மெய்ப்பிப்போர்க்கு வழி திறந்தது; ஆனால் அதிலும் ஆவணம் உள்ளவர்க்கே வாசல் திறந்தது.

பின்னர் 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவதென்றும் முடிவாயிற்று. 1974-இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தனர். எண்ணிக்கையை இரண்டாகப் பிரிப்பது எளிது. குடும்பங்களும் அதனோடு பிரிந்தன. மகன் இந்தியாவுக்கு, மகள் இலங்கைக்கு, தாய் யாரோடு? முன்னொரு காலத்தில் போகும் வழியில் தங்கிய மண்டபம் முகாமே, இப்போது திரும்பி வந்தவர்கள் தங்கும் இடமாயிற்று. அவர்களுக்கு வேலை தர நீலகிரியிலும் வால்பாறையிலும் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. மறுபடியும் கூடை; மறுபடியும் கொழுந்து.

இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்ற இந்திய வம்சாவளியினர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல் நிறைவேறியது. அதே ஆண்டில், தாய் வழியாகவும் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு என்று குடியுரிமைச் சட்டமும் திருத்தப்பட்டது. தாயின் பிறப்பும் ஒரு பிறப்புத்தான் என்று சட்டம் ஒப்புக்கொள்ள 55 ஆண்டுகள் ஆயின.

நாம் செய்யக்கூடியது

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கங்காணியின் ஏட்டில் அவள் கணவனின் கடனுக்குள் இருந்தாள். செக்ரோலில் குறைந்த கூலிக்குரியவளாக இருந்தாள். சம்பள மேசையில் கணவனின் கைக்குப் பின்னால் நின்றாள். குடியுரிமைச் சட்டத்திலோ இல்லவே இல்லை. ஒவ்வொரு கணக்குப் புத்தகத்துக்கும் அவள் தேவைப்பட்டாள்; எந்தப் புத்தகமும் அவளை முழுதாக எழுதவில்லை. கொடியவர் சிலரால் மட்டும் நேர்ந்த அநீதி என்று இதைத் தள்ளிவிட முடியாது. வீட்டு வேலை வேலையன்று, பெண்ணின் கூலி துணைக்கூலி, குடும்பம் என்றால் ஆணின் பெயர் என்று நாமெல்லாரும் இயல்பாக எண்ணும் எண்ணங்களே அங்கே சட்டமாகவும் கணக்காகவும் வடிவெடுத்தன.

நண்பர்களே! அந்தத் தலைமுறைத் தாய்மார் இன்று இல்லை. ஆனால் அவர்கள் மடியில் வளர்ந்த பேரப்பிள்ளைகள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் வால்பாறையிலும் நம் ஊர்ப் பக்கங்களிலும் முதியவர்களாக வாழ்கிறார்கள். வரலாறு, தமிழ், பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்களிடம் சென்று கேட்டு எழுதலாம். எந்த ஊரிலிருந்து போனார்கள், எந்தக் கங்காணியோடு போனார்கள், எந்தத் தோட்டம், என்ன பாட்டுப் பாடினார்கள் என்று கேட்கலாம். தகப்பன் பெயரைக் கேட்கும் படிவங்களை அவர்கள் வாழ்நாளில் பல முறை நிரப்பியிருப்பார்கள். நாம் முதலில் பாட்டியின் பெயரைக் கேட்போம். கேட்டு அதை முதல் வரியில் எழுதிக்கொள்வோம்.